புதுச்சேரி முதல் கடலூர் வரை: கல் கரையில் படம் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் பாறைக் கடற்கரை இருக்கிறதா? படத்தில் பார்த்தால் கன்னியாகுமரி மாதிரி தெரிகிறதே?

இயற்கையான பாறை இல்லை. சோழமண்டலக் கரையின் இந்தப் பகுதி மணல் கரைதான். பீச் ரோட்டை ஒட்டி நீங்கள் பார்க்கும் கருங்கற்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டப்பட்டவை. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுக முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கேதான் நகர்கிறது. அந்த ஓட்டம் தடைபட்டதும் வடக்கே இருந்த கரை கரைந்தது. ஊரைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள்.

இந்த வரலாறு படம் எடுப்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். கொட்டிய கல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. நடுவில் ஆள் கால் போகும் அளவுக்கு இடுக்கு இருக்கும். பாறைக் கரையில் கிடைக்கும் குட்டைகள், தட்டையான பாறை மேடைகள் எதுவும் இங்கே கிடையாது. படத்தின் முன்பகுதியில் வைக்க உங்களுக்குக் கிடைப்பது கறுத்த, கூர்மூலையுள்ள, ஒழுங்கில்லாத கல் குவியல். மகாபலிபுரத்துக்கோ முட்டத்துக்கோ போட்ட திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எந்தெந்த இடத்தில் நிற்கலாம்?

வடக்கிலிருந்து தெற்காகப் போவோம்.

பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி பக்கம் கடல் அரிப்பு கடுமை. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கரையின் உருவம் மாறும். முன்கூட்டியே பகலில் ஒருமுறை பார்க்காமல் இருட்டில் போகாதீர்கள்.

தந்திராயன்குப்பத்தில், செரினிட்டி பீச் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் வரிசைகள் உண்டு. மீனவர்கள் இதைத் தூண்டில் வளைவு என்பார்கள். கண்ணை உள்ளே இழுத்துப் போகும் கோடாக இது படத்தில் நன்றாக உட்காரும். வரிசையின் மேல் ஏறி எடுக்க வேண்டாம். பக்கத்து மணலில் முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து, கல் வரிசை இடது மூலையிலிருந்து உள்ளே போகும்படி எடுங்கள்.

பீச் ரோடு சுமார் ஒன்றரை கிலோமீட்டர். இங்கே மூன்று பொருள் முக்கியம். ஒன்று, காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள்; 1952 புயலில் சிதைந்த பாலத்தின் மிச்சம் இவை. இரண்டு, 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். மூன்று, சிலையைச் சுற்றி நிற்கும், செஞ்சியிலிருந்து வந்த செதுக்குத் தூண்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கு (ஷட்டரைப் பல நொடி திறந்துவைத்து எடுப்பதற்கு) முதலாவதுதான் சிறந்தது. தெற்கே இருக்கும் அடுத்த பாலத்தின் ஒரு பகுதி மார்ச் 2022-இல் இடிந்து விழுந்துவிட்டது. அதற்கு முந்தைய படங்களை வைத்துக் கோணம் போட்டால் பொருந்தாது. அதன் அடியில் போய் நிற்பதும் கூடாது.

கடலூர் பக்கம் தாழங்குடாவில் தென்பெண்ணையாற்று முகத்துவாரம், தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் மணல், முதுநகரில் உப்பனாறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகக் கல் சுவர். கல் வேண்டுமென்றால் முதுநகர். ஆனால் துறைமுகப் பகுதிக்குள் கேமராவோடு போகும் முன் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பார்த்த படத்தில் கல் இருக்கிறது, போய்ப் பார்த்தால் மணல் இருக்கிறது. ஏன்?

தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கியது. அதன் பின்னால் மணல் சேர்ந்து புதிதாகக் கரை உருவானது. அங்கே முன்பு இருந்த கல் கோணம் மணலுக்குள் போய்விட்டது. போதாததற்கு மணல் பருவத்துக்குப் பருவம் நகரும்: தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வாடைக்காலத்தில் தெற்கே. ஆகஸ்டில் புதைந்திருந்த கல் ஜனவரியில் தலைகாட்டலாம். எந்தப் படத்தையும் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் முன் அது எடுத்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி வரை. மழை விட்டிருக்கும், மேகம் முழுக்க விட்டிருக்காது, அலையில் இன்னும் வேகம் இருக்கும். நம் கணக்கில் ஜனவரிக்கே முதலிடம்.

ஏப்ரல், மே மாதங்களில் வானம் பெரும்பாலும் வெறுமை. கடல் விடியலில் தட்டையாகக் கிடக்கும், நண்பகலுக்கு மேல்தான் காற்று ஏறும். நீண்ட எக்ஸ்போஷரில் தூண்கள் மட்டும் தனித்து நிற்கும் படம் வேண்டுமானால் இந்த மாதங்கள் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், அடிவானத்தில் படகு விளக்குகள் குறையும். அதை ஆதாயமாக எடுப்பதும் குறையாக எடுப்பதும் உங்கள் படத்தைப் பொறுத்தது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை காலையில் கச்சான் என்னும் மேற்குக் காற்று தரையிலிருந்து வீசும். அலை முகடு நிமிர்ந்து நிற்கும். மாலையில் இடிமேகம் திரளும். மின்னல் தெரிந்தால் திறந்த கரையில் டிரைபாடோடு நிற்காதீர்கள்.

அக்டோபர், நவம்பர் அதிர்ஷ்டச் சீட்டு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், ஒன்றாம் எண்ணாக இருந்தாலும், கல் மேல் கால் வைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கூட்டமும் பந்தலும் படமாக வேண்டுமானால் வாருங்கள். வெறும் கடல் வேண்டுமானால் அந்த வாரம் தவிர்த்துவிடுங்கள்.

எத்தனை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும்?

சூரிய உதயத்துக்கு 50 நிமிடம் முன்னால். ஜனவரி இறுதியில் உதயம் சுமார் 6.35, ஜூன் தொடக்கத்தில் சுமார் 5.45. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறிவிடும். வட நாடுகளைப் போல ஒரு மணி நேரம் பொன்னொளி கிடைக்காது; மொத்தம் 25, 30 நிமிடம்தான். அதுவும் அடிவானத்தில் மேகப் பட்டை இருந்தால் சூரியன் 5 முதல் 10 நிமிடம் தாமதமாக முகம் காட்டும். சூரியன் வந்தபின் வந்து சேர்பவர் பாதிப் படத்தைத் தவறவிட்டவர்.

ஜனவரி இறுதியில் பழைய பாலத் தூண்களுக்கு முன் ஒரு காலை இப்படிப் போகும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஃபில்டர் எதுவும் இல்லை.

5.55: வானம் கருநீலம். 30 நொடி வைத்தாலும் படம் இருட்டாகத்தான் வரும். இதை ஃபோகஸ் சரிபார்க்கவும் அடிவானம் சாயாமல் நிறுத்தவும் பயன்படுத்துங்கள். பின்னாலிருந்து தெருவிளக்கு கற்களின் மேல் விழும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வினில் நிறுத்தினால் நீலம் நீலமாகவே இருக்கும்.

6.12: சுமார் 8 நொடி. கடல் பால் போல மென்மையாகும், தூண்கள் கூர்மையாக நிற்கும். பலருக்கு அன்றைய சிறந்த படம் இதுதான்.

6.25: சுமார் அரை நொடி. கல்லில் மோதிய அலை திரும்பி வடியும்போது வெள்ளைக் கோடுகளாக விழும் காட்சிக்கு இதுதான் சரியான வேகம். ஃபில்டரே இல்லாமல் கிடைக்கிறது பாருங்கள்.

6.35: 1/30 நொடி. இனி அரை நொடி வேண்டுமானால் ஃபில்டர் போட்டாக வேண்டும்.

மேகத்தைப் பொறுத்து இந்த எண்கள் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) கூடக் குறைய இருக்கும், வரிசை மாறாது.

சூரியன் எந்தத் திசையில் எழும் என்று எப்படித் தெரியும்?

நேர் கிழக்கில் எழுவது மார்ச், செப்டம்பர் மாதங்களின் 20-ஐ ஒட்டிய சில நாள்களில் மட்டும். டிசம்பரில் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே, ஜூனில் 24 டிகிரி வடக்கே. காந்தி சிலையருகே ஒரே இடத்தில் நின்றால் ஜனவரியில் சூரியன் வலப்பக்கம் துறைமுகத்தை நோக்கி ஒதுங்கும், ஜூனில் இடப்பக்கம் போகும். தூண்களுக்கு நடுவில் சூரியன் வர வேண்டுமென்றால் நீங்கள்தான் கரையில் தள்ளி நிற்க வேண்டும். இந்தக் கோணத்தைத் திசைகாட்டி உள்ள எந்த போனிலும் முந்தைய நாள் மாலையே அளந்துவிடலாம்.

ஓத அட்டவணை பார்க்க வேண்டுமா?

பாருங்கள், ஆனால் அதை நம்பித் திட்டத்தைக் கட்டாதீர்கள். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களிலேயே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம்; மற்ற நாள்களில் அதில் பாதி. குஜராத் கரையைப் போல நீர் வடிந்து கரை விரிவது இங்கே நடக்காது. படத்தைத் தீர்மானிப்பது அலையின் உயரம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் சேவை நிறுவனம் அலை உயரத்தையும் பெருங்கடல் அலை எச்சரிக்கையையும் தினமும் வெளியிடுகிறது. கல் கரைக்கு ஒரு மீட்டரை ஒட்டிய அலை வசதி. ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் நடைபாதையில் நின்றே எடுங்கள். தெறிப்பு கல் குவியலைத் தாண்டி வரும்.

கல் மேல் இறங்கி எடுக்கலாமா?

இறங்கும் முன் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கற்களில் மேலே வெளுப்பு, கீழே கறுப்பு என இரண்டு நிறம் தெரியும். கறுப்பும் பச்சையும் கலந்த பட்டை பாசி. அலை தினமும் தொடும் இடம் அது. அந்தப் பட்டைக்குக் கீழே போகவே கூடாது. ரப்பர் செருப்பு ஈரப் பாசியில் சோப்பு போல வழுக்கும். பிடிப்புள்ள, விரலை மூடிய ஷூ போடுங்கள். அடுத்த கல்லில் முழு எடையை வைக்கும் முன் ஒரு காலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் சின்னக் கற்கள்தான் ஆடும். இடுக்குகளில் உடைந்த பாட்டில் சில்லும் உண்டு, பெருச்சாளியும் உண்டு. கையை விட்டுத் தேடாதீர்கள், விழுந்த லென்ஸ் மூடிக்காகக் கூட.

"ஏழாவது அலை பெரிசா வரும்" என்று எண்ணிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அப்படி ஒரு கணக்கு கிடையாது. கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கும்போதுதான் பெரும்பாலும் ஆபத்து வருகிறது. தனியாக இறங்க வேண்டாம். அவசர எண் 112.

டிரைபாட் வைத்தும் படம் ஆடுகிறதே?

கல்லில் ஆடினால் காரணம் பெரும்பாலும் நடுத்தண்டு. மூன்று கால்களையும் மூன்று வெவ்வேறு பெரிய கற்களில் ஊன்றி, நடுத்தண்டை முழுக்க இறக்குங்கள். கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் காற்றில் அது ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும். பை ஒரு கல்லைத் தொட்டபடி இருக்கட்டும்.

மணலில் கதை வேறு. அலை திரும்பிப் போகும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். இரண்டு நொடி எக்ஸ்போஷருக்குள்ளேயே கேமரா ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். காலை மணலில் அரை சாண் ஆழத்துக்கு அழுத்தி ஊன்றுங்கள், இரண்டு அலை வந்து போகட்டும், மூன்றாவதில் எடுங்கள். அடிக்கால் பூட்டை ஒருபோதும் மணலுக்குள் விடாதீர்கள். அந்தப் பகுதியை முழுக்க நீட்டி, பூட்டு நீருக்கு மேலே இருக்கும்படி வையுங்கள்.

எந்த ஃபில்டர் வாங்கலாம்?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஒளியைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர். சூரியன் வந்தபின் 1/30-ஐ 2 நொடியாக்கும். 10 ஸ்டாப் அதே 1/30-ஐ அரை நிமிடத்துக்கு மேல் இழுக்கும். கடல் முழுக்கப் பஞ்சாகி, கொட்டிய கல்லின் முரட்டுத்தனமும் போய்விடும். தூண்களுக்கு அது அழகு, கல் குவியலுக்கு அழகில்லை.

மேலே கறுத்துக் கீழே தெளிவாக இருக்கும் ஜி.என்.டி. ஃபில்டர் மலையில் தொந்தரவு, இங்கே உதவி. அடிவானம் நேர்கோடு என்பதால் 3 ஸ்டாப் ஜி.என்.டி. அப்படியே பொருந்தும். கலங்கரை விளக்கம் சட்டத்துக்குள் வந்தால் மட்டும் அதன் தலை கறுத்துப்போகும். அப்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேருங்கள்.

ஃபோகஸைப் பொறுத்தவரை, ஃபுல் ஃப்ரேமில் 16 மில்லிமீட்டர், எஃப் 11 என்றால் சுமார் 80 சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 40 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். எஃப் 22-க்குப் போனால் கூர்மை கூடாது, குறையும்.

அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் புகை பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

புதுச்சேரிக்கு வருபவர்கள் இழக்கும் உதயங்களில் பாதி இதனால்தான். ஏ.சி. அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த கண்ணாடி கடற்கரை ஈரக்காற்றைத் தொட்டதும் வியர்க்கும். துடைத்தால் உடனே திரும்பப் படியும். லென்ஸ் முழுக்கச் சூடாகும் வரை நிற்காது. இரவே கேமராப் பையை மூடியபடி ஏ.சி. இல்லாத இடத்தில், குளியலறை வாசலிலோ பூட்டிய பால்கனியிலோ வையுங்கள். மறந்துவிட்டால் கிளம்புவதற்கு 45 நிமிடம் முன் பையைத் திறக்காமல் வெளியே வையுங்கள். மூடியைக் கழற்றி லென்ஸ் மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

மங்கல் பொட்டுப் பொட்டாக இருந்தால் அது உப்புத் தெறிப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மைக்ரோஃபைபரால் துடையுங்கள். ஒரு காலைக்கு நான்கு துணி வேண்டும். ஒன்று என்றால் இரண்டாவது அலைக்கே நனைந்துவிடும்.

மாலையில் போவது வீணா? சூரியன் ஊருக்குள் அல்லவா மறைகிறது?

வீணில்லை, திரும்பி நிற்கும் திசை தெரிந்தால். சூரியன் மறைந்த சில நிமிடத்தில் கடல் மேல் அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை எழும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை. தெளிவான ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் பத்துப் பதினைந்து நிமிடம் இது நிற்கும், கற்கள் மேல் நிழலில்லாத மென்மையான ஒளி விழும். எல்லோரும் கேமராவை மூட்டைகட்டும் நேரம் அது.

நீரில் அஸ்தமனமே வேண்டுமென்றால் முகத்துவாரம் போங்கள். தாழங்குடாவிலோ, புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள சுண்ணாம்பாற்று வாயிலிலோ கடல் பக்க மணல் திட்டில் நின்று மேற்கே திரும்பினால் ஆற்று நீரில் சூரியன் விழும். திட்டுக்கு எந்த வழியாக வந்தீர்களோ அந்த வழி ஏற்றத்தில் நீருக்குள் போகலாம். நேரம் பார்த்துத் திரும்புங்கள்.

பௌர்ணமி நிலவு கடலிலிருந்து எழுவதை எடுக்க?

நிலவு உதயமும் சூரிய அஸ்தமனமும் இருபது நிமிடத்துக்குள் அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமி அன்றோ முந்தைய நாளோ வரும். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே நிலவு வந்தால்தான் கல்லும் நிலவும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். ஒரு மணி தாமதமானால் நிலவு வெள்ளைப் பொத்தானாகிவிடும். திசை சூரியனுக்கு எதிர்க்கணக்கு: டிசம்பர் பௌர்ணமி வடகிழக்கில், ஜூன் பௌர்ணமி தென்கிழக்கில். 200 மில்லிமீட்டரில் ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், நிலவு தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும்.

போன் போதுமா?

உதயத்துக்கு முன்பின் பத்து நிமிடத்துக்குப் போதும். புரோ முறையில் ஐ.எஸ்.ஓ.வைக் குறைந்தபட்சத்தில் வைத்து, சின்ன டிரைபாடில் பூட்டி, மூன்று நொடி டைமரில் எடுங்கள். பதப்படுத்தாத ரா கோப்பாகச் சேமித்தால் சிவப்பு நிறம் வெடிப்பது குறையும்.

மீனவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, வலை இழுக்கிறதை ஒரு படம் எடுத்துக்கட்டா?" என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். மீன் காயவைக்கும் இடத்தில் அக்காமார்களிடம் இன்னும் முன்னதாகவே கேளுங்கள். வலை மேல் மிதிக்காதீர்கள், படகை முட்டுக்கொடுத்த கட்டையில் டிரைபாட் சாய்க்காதீர்கள். காற்று எப்படித் திரும்பும் என்று அவர்களிடமே கேட்கலாம். வாடை, கொண்டல், சோழகம் என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல் செயலியைவிட உங்கள் கரைக்குப் பொருந்தும்.

ட்ரோன்?

லாஸ்பேட்டை விமான நிலையம் பீச் ரோட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம். துறைமுகம், தலைமைச் செயலகம், பிரெஞ்சுத் துணைத் தூதரகம் பக்கம் தரையிலிருந்து டிரைபாட் போட்டாலே காவலர் வந்து கேட்பார்; ஒதுங்கி நில்லுங்கள், வாக்குவாதம் உதயத்தைத் தின்றுவிடும்.

இரண்டு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் பகலில் பீச் ரோட்டில் நடந்து கோணம் பாருங்கள், மாலை சுண்ணாம்பாற்று வாயில். இரண்டாம் நாள் விடியல் பழைய பாலத் தூண்கள்; காலை உணவுக்குப் பிறகு கடலூர், சுமார் 25 கிலோமீட்டர்; மாலை தாழங்குடா. மூன்றாம் நாள் காலை ஊர் திரும்பும் முன் நேரம் மிஞ்சினால் தந்திராயன்குப்பம். சனி, ஞாயிறு தவிர்த்தால் கற்கள் மேல் ஆள் இருக்காது. பீச் ரோட்டில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிக்கு அனுமதியில்லை; விடியலில் வருபவர்கள் பின்தெருவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தூங்கப் போகும் முன் டிரைபாட். கால்களை முழுக்க நீட்டி, பூட்டுகளைத் தளர்த்தி, ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே நிழலில் காயவையுங்கள். மடக்கிக் காயவைத்தால் உள்ளே உப்பு தங்கி அடுத்த பயணத்தில் பூட்டு திரும்பாது. கேமரா உடலை ஈரத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரப் பையிலேயே ஒரு வாரம் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலிக்கு இன்னொரு முறை புதுச்சேரி வந்துபோகலாம்.